ஓவிய வகுப்பும் ஒரு கழிமுகமும்: வடசென்னை ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

இராயபுரம் தொடங்கித் திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரையுள்ள பள்ளிகளின் ஓவிய ஆசிரியர்களுக்கும், சுற்றுச்சூழல் மன்றங்களின் பொறுப்பாசிரியர்களுக்கும், மாலை நேரப் படிப்பகங்களில் பிள்ளைகளுக்குப் பறையும் பாட்டும் கற்பிக்கும் இளைஞர்களுக்கும்,



ஆண்டுதோறும் ஜூன் 5ஆம் நாளையொட்டித் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் நடைபெறும் சுற்றுச்சூழல் ஓவியப் போட்டிகளில் மாணவர் வரைந்தளிக்கும் படங்களை ஒருசேர அடுக்கிப் பார்ப்பவருக்கு, அவை எந்த ஊரில் வரையப்பட்டவை என்பதைக் கண்டுபிடிக்க இயலாது. கண்ணீர் வடிக்கும் பூமி உருண்டை, இரு கைகளுக்கிடையே துளிர்விடும் செடி, ஒரு பாதி பசுமையாகவும் மறு பாதி பட்டுப்போயும் நிற்கும் மரம் ஆகிய மூன்றும் உடுமலைப்பேட்டையிலும் வரும், நெட்டுக்குப்பத்திலும் வரும். கோட்டிலோ வண்ணத்திலோ பெரிதாகக் குறைசொல்ல இடமில்லாத இப்படங்களின் குறை வேறிடத்தில் இருக்கிறது. கொசஸ்தலை ஆற்றின் முகத்துவாரத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் அமர்ந்து வரையும் ஒரு பிள்ளை, சன்னலுக்கு வெளியே தெரியும் புகைபோக்கியைத் திரும்பிப் பாராமல், தான் ஒருபோதும் கண்டிராத வெடித்த வயலை வரைவதற்கு அங்கே பழக்கப்படுகிறது. கலைப்பயிற்சியின் முதற்பாடம் காணுதல் என்று கொண்டால், இது காணாதிருக்கக் கற்பிக்கும் பாடம். அந்தப் பாடத்தை மாற்றியமைக்கும் இடத்தில் இருப்பவர்கள் தாங்களே என்பதால் இம்மடல் தங்களை நோக்கி எழுதப்படுகிறது.

சுற்றுச்சூழல் கல்வி பள்ளியில் கட்டாயமாக்கப்பட்டதற்கு எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991 நவம்பரில் பிறப்பித்த ஆணை அடிப்படையாக அமைந்தது. அதற்கும் முன்பே, 1977இல் திபிலிசி நகரில் யுனெஸ்கோ நடத்திய மாநாடு இக்கல்வியின் நோக்கங்களாக விழிப்புணர்வு, அறிவு, மனப்பாங்கு, திறன், பங்கேற்பு ஆகிய ஐந்தையும் வரிசைப்படுத்தியிருந்தது. சுவரொட்டிப் போட்டிகள் அவ்வரிசையின் முதற்படியிலேயே நின்றுவிடுகின்றன என்பதும், திறனும் பங்கேற்பும் பாடத்திட்டத்தின் ஓரத்துக்குத் தள்ளப்பட்டன என்பதும் தாங்கள் அறியாதவை அல்ல.

வடசென்னையில் வரைதல் என்னும் செயலுக்கு வேறெங்கும் இல்லாத ஒரு கனம் உண்டு. அதை விளங்கிக்கொள்ள எண்ணூர்க் கழிமுகத்தின் கதையிலிருந்து தொடங்க வேண்டும். கழி என்பது ஆற்று நீரும் கடல் நீரும் கலந்து, கடல் ஏறும்போது பரந்தும் வற்றும்போது சுருங்கியும் கிடக்கும் ஆழங்குறைந்த நீர்ப்பரப்பு. கொசஸ்தலை ஆறு கடலைச் சேருமிடத்தில் பக்கிங்காம் கால்வாயும் வந்து கலப்பதால், அலையாத்திக் காடு, சேற்றுத்திட்டு, உப்பளம், திறந்த நீர் என்று பலவாறாகப் பிரிந்து விரியும் இப்பரப்பில், காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், சிவன்படைக்குப்பம் முதலிய ஊர்களின் மீனவர்கள் இறாலும் நண்டும் மடவையும் பிடித்து வாழ்ந்தார்கள். பறி எனப்படும் ஓலைக்கூடையைப் பல்லில் கவ்விக்கொண்டு, இடுப்பளவு நீரில் கைகளால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களும் இக்கழியை நம்பியவர்களே. பெருமழைக் காலத்தில் வெள்ளத்தைத் தாங்கிக் கடலுக்கு அனுப்பும் வேலையையும் இதே பரப்புதான் செய்தது.

கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை 1991இல் வெளிவந்தது. கரையோரத்தில் எங்கு எதைக் கட்டலாம், எதைக் கட்டக்கூடாது என்று வகுக்கும் சட்டவிதி அது. அதன்படி ஆயத்தம் செய்யப்பட்டு 1996இல் நடுவணரசின் ஒப்புதல் பெற்ற வரைபடம் எண்ணூர்க் கழிமுகத்தைப் பாதுகாக்கப்பட்ட பரப்பாகக் காட்டியது. பின்னாளில் அரசுத் துறை எடுத்துக்காட்டிய வேறொரு வரைபடத்தில் சுமார் 6,500 ஏக்கர் கழிமுகம் காணாமற்போயிருந்தது என்று மீனவர்களும் சூழலியல் அமைப்புகளும் 2017இல் குற்றஞ்சாட்டினார்கள். ஓவியர் ஒருவர் தம் தாளில் ஒரு மரத்தை வரையாமல் விட்டால் மரம் அது நின்ற இடத்திலேயே நிற்கும். அரசு வரைபடத்தில் ஒரு கழி விடுபட்டால் அதன் மேல் லாரி மண் கொட்டும். இந்த வேறுபாட்டை உணர்ந்த ஊரில், பென்சில் பிடிக்கக் கற்பிப்பவரின் வேலை பொழுதுபோக்குப் பாடவேளையாகக் கருதப்படுவது வியப்புக்குரியது.

அந்தக் கழிமுகத்தைத் தமிழ்நாடு முழுவதும் அறியச் செய்ததில் ஒரு பாட்டுக்குப் பெரும்பங்கு உண்டு. 2017 ஜனவரியில் வெளியான 'சென்னை புறம்போக்குப் பாடல்' கபேர் வாசுகி இயற்றி, கருநாடக இசைக்கலைஞர் டி.எம். கிருஷ்ணா பாடியது; இரதீந்திரன் ஆர். பிரசாத் இயக்கிய அதன் காணொளி எண்ணூரின் சாம்பல் படிந்த சேற்றிலும் புகைபோக்கிகளின் பின்னணியிலும் படமாக்கப்பட்டது. அனல்மின் நிலையத்தில் நிலக்கரி எரிந்தபின் எஞ்சும் நுண்சாம்பலை நீரில் கரைத்துக் குழாய் வழியே சாம்பல் குட்டைகளுக்கு அனுப்புவது வழக்கம். அக்குழாய்கள் ஆங்காங்கே கசிந்ததால் கழியின் தரை பல இடங்களில் சாம்பலால் மேடிட்டது. இச்செய்தியைச் சொல்ல அறிக்கைகள் இருந்தன, வழக்குகள் இருந்தன. பாடல் செய்தது வேறு. அது ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டது.

புறம்போக்கு என்பது நில வருவாய்த்துறைச் சொல். வரி விதிக்கப்படும் பட்டா நிலத்துக்குப் புறம்பாக, எவருக்கும் தனியுரிமையின்றி ஊரார் அனைவருக்கும் பயன்படுவதற்கென விடப்பட்ட மேய்ச்சல் தரை, ஏரி, களம், ஆற்றங்கரை, சுடுகாடு போன்றவற்றை அது குறித்தது. விற்க முடியாத நிலம் மதிப்பற்ற நிலம் என்னும் எண்ணம் வலுத்தபோது, சொல்லும் தன் மதிப்பை இழந்து, சென்னைத் தெருக்களில் உருப்படாதவனைத் திட்டும் வசையாயிற்று. அந்த வசையைக் கருநாடக இசையின் இராகமாலிகைக்குள் சென்னைப் பேச்சுமொழியோடு கொண்டுவந்து நிறுத்தியபோது, கேட்டவர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு அச்சொல்லைப் பழையபடி வாயெடுத்துச் சொல்லத் தயங்கினார்கள். மாசு, பேரழிவு, மனிதகுலம் போன்ற பெருஞ்சொற்கள் எதையும் நம்பாமல், பிள்ளைகளின் நாவில் ஏற்கெனவே புழங்கும் ஒரு சொல்லைத் துடைத்துக் காட்டியதே அதன் கலைத்திறன். இவ்வாறு துடைக்கப்படக் காத்திருக்கும் சொற்கள் இப்பகுதியில் இன்னும் உள்ளன. கடலோர ஊரைக் குறித்த 'குப்பம்' என்னும் சொல் நகரத்தாரின் வாயில் இழிவுச் சொல்லானது எவ்வாறு என்று எட்டாம் வகுப்பு மாணவர் ஒரு நாடகத்தில் கேட்கலாம். கழி இருந்த இடம் கழிவின் இடமானது எவ்வாறு என்றும் கேட்கலாம்.

அப்பாடல் வெளியிலிருந்து வந்த கலைஞர்கள் எண்ணூரை நோக்கிய பார்வை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதனால் அதன் பெருமை குறைவதில்லை. ஆனால் அதைப் பள்ளி விழாவில் மனப்பாடம் செய்து பாடவைப்பதோடு ஆசிரியரின் கடமை முடிந்துவிடுவதில்லை. இறந்தவரின் வீட்டு வாசலில் இரவெல்லாம் பாடப்படும் மரண கானா முதல், பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் தென்மாவும் 2018இல் மேடையேற்றிய கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவில் ஒலித்த கானா வரை, இழப்பைப் பாடும் மரபு வடசென்னைக்குச் சொந்தமானது. வகுப்பில் கானா பாடுவதைக் கண்டிக்கும் பள்ளிகள் சுற்றுச்சூழல் நாளில் பிறமொழி விழிப்புணர்வுப் பாடலை ஒலிபெருக்கியில் போடுவது ஒரு விசித்திரமே.

சுவரோவியம் பற்றியும் ஒரு சொல். 2020இல் பழைய மகாபலிபுரம் சாலையையொட்டிய கண்ணகி நகரில், நகரின் பல பகுதிகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்கள் குடியமர்த்தப்பட்ட அடுக்ககங்களின் சுவர்களில் ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளை பேரோவியங்களைத் தீட்டச் செய்தது. அதுவரை அப்பகுதியின் பெயரைக் கேட்டாலே முகம் சுளித்தவர்கள் அங்கு படமெடுக்க வரத் தொடங்கினார்கள். அது சிறிய ஆதாயமன்று. ஆயினும் வண்ணச்சுவர் தன்னளவில் இடப்பெயர்வின் வரலாற்றைச் சொல்லிவிடாது. வடசென்னையில் நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியில் பள்ளிச் சுவர்களுக்கு ஓவியம் தீட்ட முன்வருபவர்கள் இருக்கும்போது, ஆசிரியர் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: மாணவர் தம் ஊரில் காணும் புகைபோக்கியை அச்சுவரில் வரைய விரும்பினால் அதற்கும் வண்ணம் கிடைக்குமா? கிடைக்காதெனில் அது சுவருக்கு அடிக்கும் வெள்ளையே, நிறம் மட்டும் வேறு.

காணக் கற்பிக்கும் கலைகளுள் ஒளிப்படத்துக்குத் தனியிடம் உண்டு. ஒரு சமூகத்தைப் பிறர் படமெடுப்பதற்கு மாறாக, அச்சமூகத்தினர் கையிலேயே கேமராவைத் தந்து, அவர்கள் எடுத்த படங்களை முன்வைத்து அவர்களே கலந்துபேசச் செய்யும் முறைக்கு ஃபோட்டோவாய்ஸ் என்று பெயர். கரோலின் வாங், மேரி ஆன் பரிஸ் ஆகிய இருவர் 1990களில் சீனத்தின் யுன்னான் மாநிலக் கிராமப் பெண்களோடு பணியாற்றியபோது வகுத்தது இது. பாரி இணைய இதழின் ஒளிப்படக் கலைஞர் எம். பழனிகுமார் துப்புரவுத் தொழிலாளர், மீனவர் ஆகியோரின் பிள்ளைகளுக்கு ஒளிப்படப் பயிற்சி அளித்து வருவதும், வியாசர்பாடி இளைஞர்கள் எடுத்த படங்கள் கண்காட்சியாக வைக்கப்பட்டதும் இம்முறைக்கு மிக அண்மையில் உள்ள உள்ளூர்ச் சான்றுகள். வடசென்னை என்றால் கத்தியும் இரத்தமும் என்று திரைப்படங்கள் பழக்கிய கண்ணுக்கு, அவ்விளைஞர்களின் படங்களில் வரும் உழைப்பும் விளையாட்டும் சமையலறை வெளிச்சமும் புதியவை.

கேமரா இல்லாத பள்ளியிலும் செய்யக்கூடியது வரைபடம். இங்கு சற்று விரிவாகவே சொல்லவேண்டியுள்ளது.

தென்சென்னையின் ஊரூர் குப்பத்தைச் சேர்ந்த மீனவ இளைஞர்கள் தம் ஊரின் வலை உலர்த்தும் இடம், படகு ஏற்றும் கரை, மீன் விற்கும் தெரு ஆகியவற்றைத் தாங்களே அளந்து வரைந்து, அரசின் வரைபடத்தில் விடுபட்டவற்றைச் சுட்டிக்காட்டக் கற்றுக்கொண்டார்கள். பள்ளி மாணவரும் இதைச் செய்யலாம். ஆனால் ஓவிய ஆசிரியர் இல்லாமல் செய்தால் அது வெறும் அளவைப்பணியாகிவிடும். ஏனெனில் இவ்வூர்களில் வரையப்படவேண்டியவற்றுட் பல, கோட்டுக்குள் எளிதில் அடங்காதவை. பாடு முறையை எடுத்துக்கொள்ளலாம். பழவேற்காட்டிலும் எண்ணூர்ப் பகுதியிலும் கழிகளில் இறால் பிடிப்பதற்கு வழங்கிவந்த ஏற்பாடு இது: இன்ன நாளில் இன்னாருக்கு இன்ன இடம் என்று முறை வைத்துப் பகிர்ந்துகொள்வதால், நல்ல இடமும் சுமாரான இடமும் எல்லார்க்கும் மாறிமாறிக் கிடைக்கும். எல்லைக்கோடு இல்லாத, முறையும் நாளும் மட்டுமே உள்ள இவ்வுரிமையை ஒரு தாளில் எவ்வாறு வரைவது? வண்ணச் சக்கரமாகவா, அடுக்கடுக்கான மெழுகுத்தாள்களாகவா, ஒவ்வொரு நாளுக்கும் ஒரு சிறுபடமாகவா? இக்கேள்விக்கு விடை தேடும் மாணவர் வடிவமைப்பைக் கற்கிறார்; அதே வேளையில் தம் தாத்தாவிடம் போய்ப் பாடு என்றால் என்ன என்று கேட்டாக வேண்டிய நிலைக்கும் ஆளாகிறார். அந்த உரையாடல் வேறெந்தப் பாடத்திட்டத்தாலும் நிகழாது.

மீன்களின் பட்டியலும் அத்தகையதே. எந்த மாதத்தில் கொடுவா, எப்போது கிழங்கான், எது பாட்டியின் காலத்தில் கிடைத்து இப்போது கிடைப்பதில்லை என்று சந்தையில் மீன் விற்கும் பெண்களிடம் கேட்டு வரையப்படும் ஒரு நாட்காட்டியில், இப்போது 'காக்கா ஆழி'யும் இடம்பெற வேண்டும். தென்னமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இச்சிப்பி, கழியின் தரையைப் பாய் விரித்ததுபோல் மூடி இறால் தங்குமிடத்தையும் உள்ளூர் மஞ்சள் மட்டியையும் நெருக்குவதை முதலில் உணர்ந்தவை ஆய்வகங்களல்ல, தடவி இறால் பிடித்தவர்களின் கைகள்.

இராயபுரத்துப் பிள்ளைகளுக்கும் திருவொற்றியூர்ப் பிள்ளைகளுக்கும் கழி தொலைவில் இருக்கலாம். அவர்களுக்கு மணல் இருக்கிறது. இக்கடற்கரையில் மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்காக நகர்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் கட்டப்பட்ட சென்னைத் துறைமுகத்தின் சுவர்கள் அதைத் தடுத்ததால், தெற்கே மெரினா அகன்றுகொண்டே போயிற்று. வடக்கே கடல் கரையை அரித்துத் தெருக்களை விழுங்கியது. அரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிக் கட்டப்படும் கற்சுவர்களுக்குத் தூண்டில் வளைவு என்று பெயர்; திருவொற்றியூர்ப் பிள்ளைகள் அவற்றின் மேல் ஏறி விளையாடியே வளர்கிறார்கள். ஒரே மணல் ஓரிடத்தில் உலாவும் இடமாகவும் இன்னோரிடத்தில் காணாமற்போன வீடாகவும் ஆன கதையை, பக்கம் புரட்டினால் அசையும் சிறு படப்புத்தகமாக ஒரு வகுப்பு வரையலாம். நிலக்கரித் தூசியின் கதையும் இதைப் போன்றதே: சென்னை உயர் நீதிமன்ற ஆணையின்படி 2011 அக்டோபர் முதல் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத்தாதும் கையாளப்படுவது நிறுத்தப்பட்டு எண்ணூர்த் துறைமுகத்துக்கு மாற்றப்பட்டபோது, இராயபுரத்தின் சன்னல்கள் வெளுத்தன, தூசி வடக்கே போயிற்று. இரு பள்ளிகளின் மாணவர் ஒரே நீளத்தாளின் இரு முனைகளிலிருந்து இதை வரைந்து நடுவில் சந்தித்தால், 'நம் பகுதி' என்பதன் எல்லை எது என்பது விவாதத்துக்குரியதாகும்.

எச்சரிக்கைகளும் உண்டு. எண்ணூர்ச் சாம்பலையே வண்ணமாகக் குழைத்து வரைவது பார்வைக்கு வலிமையான கலைச்செயலாகத் தோன்றும். ஆனால் அதில் நுரையீரலைக் கெடுக்கும் நுண்துகளும் கன உலோகங்களும் கலந்திருப்பதால், பிள்ளைகளின் கைகளில் அதைத் தருவது எந்தக் குறியீட்டுக்காகவும் ஏற்கத்தக்கதன்று. 2017 ஜனவரி 28இல் இரு கப்பல்கள் மோதிக் கொட்டிய எண்ணெயை வாளிகளால் அள்ளியவர்களும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கழிக்குள் வந்த எண்ணெயில் தம் படகுகளைத் துடைத்தவர்களும், அதே மாதம் 26ஆம் நாள் இரவு பெரியகுப்பத்தில் அம்மோனியா நெடி தாங்காமல் உறக்கத்திலிருந்து எழுந்து ஓடியவர்களும் ஒரே வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளின் குடும்பத்தினரே. அப்பிள்ளைகளை அந்த இரவை வரையுமாறு கட்டாயப்படுத்தக் கூடாது. வரைய விரும்பும் பிள்ளை வரையட்டும். விரும்பாத பிள்ளை பட்டம் வரையட்டும்.

அதே வகுப்பில் அனல்மின் நிலையத்து ஒப்பந்தத் தொழிலாளியின் மகளும், துறைமுகத்து லாரி ஓட்டுநரின் மகனும் இருப்பார்கள். 1970இல் மின்னுற்பத்தி தொடங்கி 2017இல் மூடப்பட்ட எண்ணூர் அனல்மின் நிலையம் ஒரு வீட்டில் கழியைக் கெடுத்த புகைபோக்கி, அடுத்த வீட்டில் ஓய்வூதியம் தந்த இடம். ஆலையைப் பல்முளைத்த அரக்கனாக வரைந்து முடித்துக்கொள்ளும் படம், வகுப்பின் பாதிப் பேரைத் தம் தந்தையரின் உழைப்பை மறைக்கச் செய்யும். அப்பாவின் சாப்பாட்டுப் பாத்திரமும் தாத்தாவின் வலையும் ஒரே தாளில் இடம்பெறும் படம் வரைவதற்குக் கடினமானது, அதனாலேயே மேலானது.

வரைந்தவை எங்கே போகின்றன என்பது அடுத்த கேள்வி. அரசுப் பள்ளிகளில் 2022 முதல் நடத்தப்படும் கலைத் திருவிழா நல்ல மேடைதான், ஆனால் போட்டி முடிந்ததும் தாள்கள் அலமாரிக்குச் செல்கின்றன. அவை செல்லவேண்டிய முதலிடம் ஊர்ப் பஞ்சாயத்தார் கூடும் இடமும் வலை பின்னும் கூடமும். அங்கே தவறுகளைத் திருத்த ஆள் உண்டு. இன்னோர் இடமும் உண்டு. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, பெருந்திட்டங்கள் பலவற்றுக்கு அனுமதி வழங்குமுன் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்புடன் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தப்பட வேண்டும். திட்டத்தின் சுருக்கம் மக்கள் மொழியிலும் கிடைக்க வேண்டும். அக்கூட்டங்களில் பேசவேண்டியவர்கள் பெரியவர்களே, பிள்ளைகளை அங்கு ஒலிபெருக்கி முன் நிறுத்துவது முறையன்று. ஆனால் எந்த இடத்தில் எந்த மாதம் எத்தனை வீட்டார் மீன் பிடிக்கிறார்கள் என்று நாளும் கேட்டறிந்த முறையும் குறிக்கப்பட்ட ஒரு வரைபடம், பேசும் பெரியவரின் கையில் இருக்கலாம். தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் அறிவொளி இயக்கமும் 1990களில் ஊர் ஊராக நடத்திய கலைப்பயணங்கள் எழுத்தறிவை மேடையேற்றியபோது, மக்கள் அறியாததை அவர்களுக்குச் சொல்வதே கலையின் பணியாக இருந்தது. எண்ணூரில் திசை எதிரானது: மக்கள் அறிந்ததை, அறியாதவர்கள் முன் வைக்கவேண்டியிருக்கிறது.

ஆகவே நடைமுறை சார்ந்த ஒரு வேண்டுகோள் மட்டும். வரைபடத்தை எத்தனை பேர் சேர்ந்து வரைந்தாலும், அதன் அடியில் வரைந்த நாளையும், தகவல் சொன்ன பெரியவர் எந்த ஊரார் என்பதையும் எழுதச் செய்யுங்கள். பிள்ளைகளின் பெயர் வெளியாருக்குப் போகும் படியில் வேண்டாம், பள்ளியில் இருக்கும் மூலத்தில் கட்டாயம் இருக்கட்டும். முதற்படி பென்சிலில் இருக்கட்டும். கொசஸ்தலை முகத்துவாரம் மணலால் மேவி மூடிக்கொள்வதும் வெள்ளத்தால் திறந்துகொள்வதுமாக இடம் மாறக்கூடியது. வடகிழக்குப் பருவமழைக்கு முன் வரைந்த கோடு தை மாதத்தில் பொருந்தாமல் போகலாம். பொங்கல் விடுமுறை முடிந்து வகுப்பு திரும்பியதும், அதே தாளை அதே கரைக்கு எடுத்துச் சென்று, மாறியதை வேறொரு நிறத்தில் அதன் மேலேயே வரையச் சொல்லலாம்.